தீராத நோயும் தீர்க்காத நோயும்: ஊவாத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு சொல்வரலாற்றுக் குறிப்பு

‘தீராத வியாதி’ என்னும் தொடரை ஹாலிஎலைப் பகுதித் தோட்டங்களிற் கேட்காதார் இலர். பதுளை - பண்டாரவளைப் பாதையை அடுத்து மலைச்சரிவுகளிற் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் அது அன்றாடச் சொல். ஒருவரது நோயின் பெயர் தெரியாதவிடத்தும், தெரிந்தும் சொல்ல விரும்பாதவிடத்தும், சொல்லிப் பயனில்லை என்று கருதுமிடத்தும் இத்தொடரே வந்து நிற்கும். அகராதி நோக்கில் இது எளிய தொடரே. ஆயினும் எந்த நோய் தீராதது, அதனைத் தீராததென்று முடிவு செய்தவர் யார் என்ற வினாக்களை எழுப்பியதும் அது எளிமையை இழந்துவிடுகின்றது. அவ்வினாக்களைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் இலக்கணத்தை நோக்குவோம். ‘தீர்’ என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்குவது. தீர்ந்தது என்றால் முடிவுற்றது. தீர்த்தான் என்றால் முடிவுறச் செய்தான். நோய் மாத்திரமன்றிப் பசி, பாவம், வினை, வழக்கு, கடன் ஆகியனவும் தமிழில் ‘தீர்வன’வே. ‘தீராத நோய்’ என்பது தன்வினையின் எதிர்மறைப் பெயரெச்சம் கொண்ட தொடர். இதில் நோயே எழுவாய். தீராமை நோயின் இயல்பு போலவும், பாறைக்குக் கடினமும் நெருப்புக்கு வெம்மையும் போலவும் அங்கே நிற்கின்றது. ‘தீர்க்காத நோய்’ என்று ஓரெழுத்தை மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உடனே ‘தீர்க்காதவர் யார்?’ என்ற கேள்வி எழும். பேச்சு வழக்கு இவ்விரண்டில் முன்னதையே போற்றிவந்திருப்பது தற்செயலன்று என்பது என் கருத்து.

பழந்தமிழ் வழக்கு இவ்வாறு வினைமுதலை மறைப்பதாகத் தெரியவில்லை. ‘பிணி’ என்பது பிணித்தலினின்று பிறந்த சொல், கட்டுண்டிருத்தலைக் குறிப்பது. கட்டு எனின் அவிழ்ப்பும் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, மருந்தை அருகிருந்து கொடுப்பவன். அங்கே மருத்துவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் ‘தீர்ப்பான்’ என்பது. இப்பெயர் பிறவினை அடியாகப் பிறந்தமை கவனிக்கற்பாலது. நோய் தானாகத் தீர்வதன்று, தீர்ப்பவன் ஒருவன் வேண்டும் என்ற தெளிவு அச்சொல்லிலேயே உண்டு. அதே நூலில் நாடு என்னும் அதிகாரம் ‘ஓவாப்பிணி’ என்றொரு தொடரைத் தருகின்றது. ஓவுதல் ஒழிதலாகும். ஒழியாத பிணியை மருந்து அதிகாரத்தில் வைக்காது, மிகுபசியோடும் அழிக்கும் பகையோடும் சேர்த்து, நாட்டின் இலக்கணத்தைச் சொல்லுமிடத்தில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. ஓயாத நோய் நாட்டின் குறையாக அங்கே எண்ணப்பட்டதேயன்றி உடம்பின் குறையாக எண்ணப்படவில்லை.

வடமொழி மருத்துவ மரபிலிருந்து தமிழுக்கு வந்த சொல் ‘அசாத்தியம்’. இன்று அசாத்தியத் திறமை, அசாத்தியத் துணிவு என்று வியப்புக்குரியதைச் சொல்லவே இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றோம். நாட்டு வைத்தியரிடம் இது வேறு பொருளுடையது. சாத்தியம் என்பது செய்துமுடிக்கத்தக்கது; அசாத்தியம் அவ்வாறு முடிக்கத்தகாதது. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் நோய்களை எளிதிற் தீர்க்கத்தக்கவை, அரிதிற் தீர்க்கத்தக்கவை, யாப்பியம், மறுத்துரைக்கத்தக்கவை என வகைப்படுத்துகின்றது. யாப்பியம் என்பது தீராதெனினும் மருந்தாலும் பத்தியத்தாலும் அடக்கி வைத்துக் காலங் கழிக்கத்தக்க நோய். இன்றைய நீரிழிவை இவ்வகையில் அடக்கலாம். இறுதி வகைக்குரிய ‘பிரத்தியாக்கியேயம்’ என்ற பெயர்தான் நமது ஆய்வுக்கு முக்கியமானது. அதன் நேர்ப்பொருள், ‘முடியாதென்று வைத்தியன் மறுத்துச் சொல்ல வேண்டியது’ என்பதாகும். தீர்க்கவியலாத நோயை ஏற்கும் வைத்தியன் பொருளையும் புகழையும் இழப்பான் என்று அந்நூல் எச்சரிப்பதையும் இதனோடு சேர்த்து நோக்கினால், இச்சொல் நோயைப் பற்றியதாயிருக்கும் அளவுக்கு வைத்தியத் தொழிலின் தற்காப்பைப் பற்றியதுமாகும் என்பது விளங்கும். எனினும் அதில் ஒரு நேர்மை உண்டு. மறுப்பவன் பெயர் மறைக்கப்படவில்லை.

இந்நேர்மை காலப்போக்கில் மங்கியது. அகத்தியர் பெயரால் வழங்கும் கன்மகாண்டம் போன்ற நூல்கள் சில நோய்களுக்கு முன்வினையைக் காரணமாகக் காட்டின. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரின் சூலைநோயைத் தீர்க்க முயன்ற சமணர்கள் தம்மாலாகாதென்று அகல, திருவதிகையில் தமக்கையார் அளித்த திருநீற்றால் அது தீர்கின்றது. மனித மருத்துவம் கைவிட்டதை இறையருள் ஏற்கும் என்ற இவ்வமைப்பு பக்தி மரபுக்குப் பெருமை சேர்ப்பது. ஆயினும், கைவிட்டவனைக் கேள்வி கேட்கும் பழக்கத்தை அது வளர்க்கவில்லை. ‘கைவிட்ட நோய்’, ‘டாக்டர் கையை விரிச்சிட்டாரு’ என்னும் இன்றைய வழக்குகளில் மறுப்பவன் மீண்டும் தோன்றினாலும், விரித்த கை வெறுங்கையாகையால் அவன்மீது பழியில்லை.

இப்பின்னணியோடு தோட்டங்களுக்கு வருவோம்.

கோப்பிக் காலத்திலிருந்து தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் நெடும்பாதைகளைக் கால்நடையாகக் கடந்தே மலைநாட்டை அடைந்தனர். ஊவா மிகத் தொலைவிலிருந்த பகுதிகளுள் ஒன்று. அது தனி மாகாணமாக்கப்பட்டதே 1886இல்தான். புகையிரதம் பண்டாரவளையை 1894இலும், ஹாலிஎலையைக் கடந்து பதுளையை 1924இலும் அடைந்தது. அதுவரை நோயாளி ஒருவரைத் தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதென்பது தோளிற் சுமந்து செல்வதே.

சட்டம் இல்லாமலில்லை. மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் முதன்முதலாக 1872இல் இயற்றப்பட்டது; 1880இல் மாற்றியமைக்கப்பட்டது; 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிலைபெற்றது. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருத்தல், தோட்டத்தில் நோயுற்றவர் யாரென அறிந்திருத்தல், மாவட்ட வைத்திய அதிகாரி பணிப்பின் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் ஆகியன தோட்டத்துரையின் கடமைகளென அது வகுத்தது. வள்ளுவரின் நாற்கூற்றையும் சட்டம் காகிதத்திற் கொண்டிருந்தது என்றே சொல்லலாம். லயத்தில் பெரும்பாலும் இருந்தது அந்நான்கில் ஒன்று மாத்திரமே: நோயுற்றவன்.

இங்கு ஒரு நோயை விரிவாக எடுத்து நோக்குவது பயன்தரும். ஹாலிஎலையை அடுத்த தோட்டமொன்றில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம் பழைய நோய்களைப் பற்றி உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தம் தாயாரின் தலைமுறையில் லயத்திற் கண்ட நோயொன்றை அவர் விவரித்தார். முகம் வெளுக்கும். கால் வீங்கும். மலையேற மூச்சு வாங்கும். கொழுந்துக் கூடை பாரமாகும். சிலர் மண்ணை எடுத்துத் தின்பார்கள். “அது தீராத வியாதிங்க தம்பி. எங்க லயத்துல மட்டும் ஆறு பேருக்கு இருந்துச்சு” என்றார். ஒரே லயத்தில் ஆறு பேருக்கு ஒரே ‘தீராத’ நோய் எனின் நாம் லயத்தையன்றோ சோதித்திருக்க வேண்டும்?

அவர் சொன்ன குறிகள் யாவும் கொழுக்கிப்புழு நோயினுடையவை. குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழுவை இத்தாலியரான துபினி 1838இல் மிலானில் கண்டார். 1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொத்தார்ட் சுரங்கம் அமைத்த தொழிலாளரிடையே கொடிய சோகையை விளைத்தபோதுதான் அதன் வலிமையை ஐரோப்பா உணர்ந்தது. புழுவின் முட்டைப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுட் புகுவதை லூஸ் என்பவர் 1898இல் எடுத்துக்காட்டினார். சுரங்கத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே காரணத்தால் இந்நோய்க்கு ஆளாயினர்: வெப்பமும் ஈரமும் கொண்ட மண், மலகூடமின்மை, செருப்பில்லாத கால்.

இலங்கையில் இந்நோய் பெயர்மாறி வாழ்ந்த வரலாறு சுவையானது. குடியேற்ற அரசின் மருத்துவர்கள் நீண்டகாலம் இதனை ‘பெரிபெரி’ என்றே பதிந்தனர். பெரிபெரி உண்மையில் வேறொரு நோய். தீட்டிய அரிசி உண்போருக்கு உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. பிரதான சிவில் மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி 1887இல் வெளியிட்ட அறிக்கைதான் ‘இலங்கையின் சோகை அல்லது பெரிபெரி’ எனப்பட்டதைக் கொழுக்கிப்புழுவுடன் தொடர்புபடுத்தியது. பெரிபெரி என்ற சொல்லை ஐரோப்பிய அகராதிகள் சிங்களத்து ‘பெரி’யிலிருந்து வந்ததாகக் கொள்வர்; இயலாமை, ‘முடியாது’ என்பது அதன் பொருள். இரட்டித்து வந்ததால் ‘முடியாது, முடியாது’ என்றாகின்றது. பத்தேவியாவில் வாழ்ந்த ஒல்லாந்த வைத்தியர் பொந்தியசின் நூல் (1642) இதற்கு ஆட்டைக் குறிக்கும் சொல்லென வேறொரு விளக்கம் தரும். அது நிற்க. நம் தோட்ட வழக்கில் நோயுற்றவன் ‘மேலுக்கு முடியல’ என்பான். யாழ்ப்பாணத்தவர் ‘ஏலாது’ என்பர். அயலயலே வாழும் இரு மொழிகளும் நோயை நோயாளியின் இயலாமையாகக் கண்டு பெயரிட்டுள்ளன. அதே ‘முடியல’ பெரட்டுக் களத்தில் கங்காணியின் செவிக்கு எட்டும்போது சோம்பலென்று பொருள்பட்டது. ‘சோம்பேறிக் கூலி’ என்ற குடியேற்றவாதக் கற்பனையின் பின்னால் எத்தனை சோகை பிடித்த உடம்புகள் நின்றன என்பதைக் கணக்கிட எவரும் முயன்றதில்லை.

அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. சோதிக்கப்பட்ட தொழிலாளரிற் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. மருந்தாகக் கொடுக்கப்பட்டவை தைமோலும் கெனப்போடிய எண்ணெயும். தைமோல் என்பது ஓமத்தின் சாரம். ‘ஓம உப்பு’ என்று நம்மவர் வழங்குவது. வயிற்று நோவுக்கு ஓமத்தை இடித்துக் கொடுத்த லயத்துப் பாட்டியிடம் இருந்ததும், வெள்ளைத்துரை புட்டியிற் கொண்டுவந்ததும் அடிப்படையில் ஒரே பொருள்தான். அளவும் தூய்மையும் வேறு. நாட்டு மருத்துவத்தை இதனால் உயர்த்திப்பேச நான் முற்படவில்லை. இடித்த ஓமம் புழுவை வேரறுத்திராது. ஆனால் ‘மருந்தே இல்லாத நோய்’ என்ற கூற்று எவ்வளவு பொய்யானதென்பதற்கு இது போதிய சான்று.

மருந்து கொடுத்தவுடன் நோய் தீர்ந்தது. சில மாதங்களில் மீண்டும் வந்தது. மண் மாறவில்லை, கால் மாறவில்லை, மலகூடம் கட்டப்படவில்லை. மலகூடமின்றி மருந்து பயன்படாதென்று இயக்கத்தின் மருத்துவர்கள் வற்புறுத்தினர். மருந்துச் செலவை இயன்றவரை ஏற்க முன்வந்த தோட்டச் சொந்தக்காரர் பலர் மலகூடச் செலவைக் கண்டு தயங்கினர். மருந்து ஒருமுறைச் செலவு. மலகூடம் நிலையான செலவு என்பதோடு, தொழிலாளியின் இருப்பிடம் மனிதர் வாழுமிடம் என்பதை ஒப்புக்கொள்ளும் செலவுமாகும். தீர்ந்து தீர்ந்து திரும்பிய நோயைக் கண்ட தொழிலாளி அதனைத் ‘தீராதது’ என்று அழைத்ததில் தவறில்லை. அவன் கண்முன் நிகழ்ந்ததை அச்சொல் சரியாகவே சொன்னது. காரணத்தைத்தான் அது சொல்லவில்லை.

‘தீர்’ என்ற வினை கடனுக்கும் உரியதென முன்னர்க் குறிப்பிட்டேன். தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் இவ்விரு தீராமைகளும் ஒன்றையொன்று தழுவிக் கிடந்தன. கடல்கடந்து வந்த செலவே கங்காணியின் பேரேட்டிற் கடனாகத் தொடங்கியது. ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்ல வேண்டுமாயின் கடன் தீர்க்கப்பட வேண்டும். அதற்குரிய சீட்டே ‘துண்டு’. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நோயுற்றவனுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையெனில் அன்றைய கூலி இல்லை. கூலியின்றேற் கடன் வளரும். கடன் வளர்ந்தால் நோயுடனேயே மலையேற வேண்டும். ஈழத்துப் பேச்சுத் தமிழில் வைத்தியசாலையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதைத் ‘துண்டு வெட்டுதல்’ என்பர். இரண்டு துண்டுகளும் பிறப்பால் ஒன்றென நான் வாதிக்கவில்லை. ஆயினும் தோட்டத்துச் செவியில் அவை ஒன்றாகவே ஒலித்திருக்கும். “துண்டு வெட்டி அனுப்பிட்டாங்க” என்ற வாக்கியம் குணமடைந்தவனுக்கும் உரியது, குணமடையமாட்டான் என்று கைவிடப்பட்டவனுக்கும் உரியது. எதுவென்பதைச் சொல்பவரின் குரலிலிருந்துதான் அறிய வேண்டும்.

வேறொரு வகைத் தீராமை ‘பெருநோய்’ என்பது. பெருவியாதி, மகாரோகம் என்றும் வழங்கிய இப்பெயர்கள் தொழுநோயைக் குறிப்பன. பெயர் சொல்ல அஞ்சி அளவைச் சொன்ன மரபு இது. ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் இந்நோயாளருக்கென வைத்தியசாலை அமைத்தனர். ஆங்கிலேயர் 1901இல் இயற்றிய கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாக ஒதுக்கி வைக்க வழிசெய்தது. நோய்க் கிருமியை நோர்வேயின் ஹான்சன் 1873இலேயே கண்டிருந்தார், மருந்துதான் இல்லை. நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே நெடுங்காலம் கைக்கொண்ட துணை. 1940களில் டாப்சோன் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று இது முற்றாகக் குணப்படுத்தக்க நோய். இருந்தும் ‘பெரிய வியாதி’ என்ற சொல்லின் நிழல் நோயினும் நீண்டு வாழ்கின்றது. மருந்து உடம்பை எட்டும் வேகத்தில் மொழியை எட்டுவதில்லை. சயரோகத்தின் கதையும் இத்தகையதே. தேய்வு எனப் பொருள்படும் சொல்லாற் பெயரிடப்பட்ட அந்நோய்க்கு 1940களின் ஸ்ரெப்டோமைசினுக்குப் பின் வழி பிறந்தது. ஆயினும் மாதக்கணக்கில் மருந்தைத் தொடர்வதற்குரிய உணவும் ஓய்வும் இல்லாத லயத்தில் மருந்து பாதிவழியில் நின்றது. நோய் மீண்டும் ‘தீராதது’ ஆயிற்று.

சுதந்திரம் இந்நிலையை மாற்றியிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடெங்கும் இலவச மருத்துவம் விரிந்த காலத்தில், தோட்ட மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக ஒதுங்கியே நின்றது. ஓவாப்பிணியை நாட்டின் இலக்கணத்துள் வைத்த புலவனின் மொழியைப் பேசும் ஒரு கூட்டத்தினர், எந்த நாட்டின் இலக்கணத்துள்ளும் அடங்காதவராயினர். 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது இறப்புக்கள் தோட்டங்களிலேயே வெகுவாக உயர்ந்தன. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது பிந்திய கதை.

அண்மைக்காலச் சொல்லாக்கமொன்றையும் குறிப்பிட வேண்டும். பதுளை மாவட்டத்தின் தாழ்நிலத்தில் கிராந்துருக்கோட்டைப் பகுதியிலும் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்று பெயர். 1990களில் அடையாளங் காணப்பட்ட அந்நோய் தோட்ட நோயன்று. சிங்கள விவசாயியின் நோய். எனினும் பெயரிடும் முறையில் ஓர் முன்னேற்றம் உண்டென்பேன். அறியப்படாமை இங்கு நோயின் குணமாகச் சொல்லப்படவில்லை. நமது அறிவின் குறையாகச் சொல்லப்படுகின்றது. ‘தீராத’ என்பதினும் ‘அறியப்படாத’ என்பது நேர்மையான சொல். பின்னது தேடலுக்கு வழிவிடுகின்றது. நோயின் முதலைத் தேடு என்ற குறள்நெறிக்கும் அது அணித்தாயுள்ளது.

அம்மூதாட்டியிடம் இறுதியாக, அந்நோய் லயத்தை விட்டு எப்போது போயிற்று என்று வினவினேன். ஆண்டு அவருக்கு நினைவில்லை. மருந்தையும் அவர் சொல்லவில்லை. லயத்துக் கோடியில் கக்கூஸ் கட்டிய பிறகு குறைந்ததென்றும், தம் பேத்தி சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்படியொரு சீக்கே இல்லையென்றும் சொன்னார். பிறகு, தம் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கொழுந்து எடுக்கப் போகையில் தாம் கடைசிவரை வெறுங்காலுடன்தான் போனதாகச் சொன்னார்.